பைக்கால் ஏரி: 1642 மீட்டர் அடியில உயிர் இருக்கா, இல்ல வெறும் இருட்டும் சேறும்தானா?

#1 ஆழிக்குருவி

நேத்து ராத்திரி தூக்கம் வராம சைபீரியாவுல இருக்கிற பைக்கால் ஏரி ஐஸ் மேல ஒருத்தர் நடந்துபோற வீடியோ பாத்துட்டு இருந்தேன். காலுக்கடியில கண்ணாடி மாதிரி ஐஸ், அதுக்குக் கீழ கருப்பு. சும்மா கருப்பு இல்லங்க, ஒண்ணரை கிலோமீட்டருக்கு மேல கீழ இறங்குற கருப்பு. அப்புறம் தேடிப் பாத்தா அதிகபட்ச ஆழம் 1642 மீட்டர்னு போட்டிருக்கு, உலகத்துலயே ஆழமான ஏரி. ஏரியோட மேல்மட்டம் கடல்மட்டத்துக்கு 455 மீட்டர் மேல இருக்கு, ஆனா தரை கடல்மட்டத்துக்கு கிட்டத்தட்ட 1200 மீட்டர் கீழ!

என் கேள்வி ஒண்ணுதான். அந்த அடியில ஏதாவது உயிரோட இருக்கா? வீடியோ கமெண்ட்ல ஒருத்தர் "இவ்ளோ ஆழமான ஏரில 200 மீட்டருக்குக் கீழ ஆக்சிஜனே கிடையாது, அது செத்த தண்ணி"ன்னு அடிச்சு சொல்றார். இன்னொருத்தர் அடிவரைக்கும் மீன் இருக்குங்கிறார். யாரு சொல்றது சரி?

#2 குளத்துமீன்

முதல் ஆள் சொல்றதுதான் சரி ப்ரோ. ஸ்கூல்ல படிச்சதுதானே, தண்ணி 4 டிகிரில தான் அடர்த்தி ஜாஸ்தி, அதனால 4 டிகிரி தண்ணி போய் அடியில படுத்துக்கும், மேல இருக்கிறது சூடானாலும் லேசு, குளிர்ந்தாலும் லேசு, அடித்தண்ணி எந்திரிக்கவே எந்திரிக்காது. காத்து படாத தண்ணில ஆக்சிஜன் எங்கேர்ந்து வரும்? அதோட அந்த பிரஷர்ல எந்த மீனும் நசுங்கிடும்.

#3 மணல்திட்டு

குளத்துமீன் சொல்றது ஆப்பிரிக்காவுல இருக்கிற டாங்கனிக்கா ஏரிக்கு கரெக்ட். நான் பத்து வருஷமா டாங்கனிக்கா சிக்லிட் மீன் வளக்குறவன், அதனால அந்த ஏரி பத்தி கொஞ்சம் தெரியும். 1470 மீட்டர் ஆழம், உலகத்துல ரெண்டாவது. ஆனா வடக்குப் பக்கம் 100 மீட்டர், தெற்குல 200 மீட்டர் சொச்சம், அதுக்குக் கீழ ஆக்சிஜன் சுத்தமா இல்ல. அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதுதான் இருக்கு. அதாவது ஏரியோட பெரும்பகுதில பாக்டீரியா தவிர ஒண்ணும் கிடையாது. எங்க ஆளுங்க பெருமையடிச்சுக்கிற அத்தனை வகை சிக்லிட்டும் மேல ஒரு மெல்லிசான தோல் மாதிரி இருக்கிற தண்ணிலதான் வாழுது.

பைக்கால் எனக்குத் தெரியாது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#4 நீரோட்டம்

ஏரியியல் படிச்சவன், இப்ப வேற வேலை பாக்குறேன், ஆனா பைக்கால்னு யாராவது சொன்னா இன்னும் சும்மா இருக்க முடியல.

பைக்கால்ல அடிவரைக்கும் உயிர் இருக்கு. ஏன்னா அடிவரைக்கும் ஆக்சிஜன் இருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல, தரைக்குப் பக்கத்துலயே ஒரு லிட்டர் தண்ணில சுமார் 10 மில்லிகிராம். நல்லா காத்து விடுற மீன் தொட்டில கூட அவ்ளோ இருக்காது, மணல்திட்டு கோச்சுக்க வேண்டாம்.

ஆழம்ங்கிறது உயிரைக் கொல்ற விஷயமே இல்ல. மேல இருக்கிற காத்து பட்ட தண்ணி கீழ போகுதா இல்லையாங்கிறதுதான் விஷயம். டாங்கனிக்காவுல போகல, பைக்கால்ல போகுது, அவ்ளோதான் வித்தியாசம்.

#5 குளத்துமீன்

எப்படி போகும்? 4 டிகிரி லாஜிக் என்னாச்சு? சும்மா "போகுது"ன்னு சொன்னா ஆச்சா

#6 நீரோட்டம்

நியாயமான கேள்வி, நானும் முதல்ல இங்கதான் மாட்டினேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

4 டிகிரில அடர்த்தி ஜாஸ்திங்கிறது நம்ம டம்ளர்ல இருக்கிற தண்ணிக்கு. அழுத்தம் ஏற ஏற அந்த 4 டிகிரியும் கீழ இறங்கும். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 0.2 டிகிரி குறையும். 250 மீட்டர் ஆழத்துல அது 3.5க்கு வந்துடும், அதுக்கும் கீழ இன்னும் கம்மி. இது ஏன்னா குளிர்ந்த தண்ணி, அதைவிட கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணியவிட சுலபமா நசுங்கும். மேல லேசா இருக்கிற குளிர்ந்த தண்ணியை ஏதோ ஒண்ணு பிடிச்சு போதுமான ஆழத்துக்கு அமுக்கிட்டா, அங்க அழுத்தத்துல அது இறுகி, சுத்தி இருக்கிற தண்ணியவிட கனமாகிடும். அப்புறம் யாரும் அமுக்க வேண்டாம், தானா சரசரன்னு கீழ போகும்.

அமுக்குறது யாரு? காத்து. பைக்கால்ல ஒவ்வொரு காத்துக்கும் அங்க பேர் வச்சிருக்காங்க, சர்மா, பர்குசின், குல்துக்னு. சர்மா ஒரு பள்ளத்தாக்குலேர்ந்து கிளம்பி வந்து ஏரில விழுறது, வினாடிக்கு 40 மீட்டரைத் தாண்டும், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர், படகுக்காரங்களுக்கு எமன். இந்த மாதிரி காத்து கரையோரமா நீளவாக்குல அடிக்கும்போது பூமி சுத்துறதோட விளைவால மேல்தண்ணி ஒரு பக்கக் கரைல போய் குவியுது, குவிஞ்சது போறதுக்கு வேற வழி இல்லாம கரையோர சரிவுல கீழ இறங்குது. ஐஸ் உடைஞ்சு முடிஞ்ச ஜூன் மாசத்துலயும், ஐஸ் பிடிக்கிறதுக்கு முன்னாடி நவம்பர் டிசம்பர்லயும் மேல்தண்ணி 4 டிகிரிய ஒட்டியே இருக்குமா, அப்ப இதுக்கு வாய்ப்பு அதிகம்.

அதனால அடித்தண்ணி சரியா 4 டிகிரில கூட இல்ல. வருஷம் முழுக்க 3.1லேர்ந்து 3.5க்குள்ள. அங்க மேல்தண்ணியோட தொடர்பு கடைசியா எப்ப அறுந்துச்சுன்னு கணக்கு போட்டாங்க, ஃப்ரிட்ஜ்ல போட்டுட்டிருந்த சி.எஃப்.சி. வாயு தண்ணில எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு பாத்து. இருபது வருஷம் கூட ஆகலன்னு வந்துச்சு. 1600 மீட்டர் அடியில இருக்கிற தண்ணி இருபது வருஷத்துக்குள்ள வெயில் பாத்த தண்ணிங்க!

#7 மணல்திட்டு

அருமை. அப்ப டாங்கனிக்கா ஏன் இப்படி ஆகல? மேல 25-27 டிகிரி, அடியில 23 சொச்சம், மூணு டிகிரி வித்தியாசம்தானே. அங்கயும் காத்து அடிக்குது, மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தெக்குலேர்ந்து நல்லா அடிக்கும்.

#8 நீரோட்டம்

மூணு டிகிரிங்கிறது எங்க மூணு டிகிரிங்கிறதுதான் பாயிண்ட். 4 டிகிரி பக்கத்துல ஒரு டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் தண்ணியோட எடை மாறவே மாறாதுன்னு சொல்லலாம். 25 டிகிரி பக்கத்துல ஒரே ஒரு டிகிரிக்கு ஒரு கன மீட்டர் தண்ணில கால் கிலோ வித்தியாசம் வரும். அதனால வெப்பமான ஏரில மூணு டிகிரி வித்தியாசம்னா அது எண்ணெய் மேல தண்ணி ஊத்தினா மாதிரி... இல்ல தப்பா சொல்லிட்டேன், தண்ணி மேல எண்ணெய் ஊத்தினா மாதிரி நிக்கும். காத்து என்ன அடிச்சாலும் மேல மட்டும் ஆடிட்டு போகும். அதோட அங்க குளிர்காலமே கிடையாது, மேல்தண்ணி அடித்தண்ணியோட வெப்பத்துக்கு இறங்கி வர்ற நாளே வராது. பைக்கால்ல வருஷத்துக்கு ரெண்டு தடவை வருது.

#9 அரைத்தூக்கம்

குளிர்தான் காப்பாத்துதுன்னு சொல்றீங்க. நல்லா இருக்கு. சரி அந்த மீன் கதை என்ன, வெயில்ல வச்சா உருகிடும்னு ஒரு மீன் இருக்காமே? வெறும் முள்ளும் எண்ணெயும் மட்டும் மிச்சம் இருக்குமாம். மேல தூக்கினா வெடிச்சிடும்னும் படிச்சேன்.

#10 வெள்ளிச்செதில்

கோலோமியாங்கா! என் செல்ல மீன், நான் சொல்றேன்.

முதல்ல வெடிக்கிற கதை. கடல் ஆழத்துலேர்ந்து தூக்குற சில மீன் வயிறு உப்பி வாய் வழியா பிதுங்கி வர்றதுக்குக் காரணம் உள்ள இருக்கிற காத்துப்பை. ஆழத்துல இறுகி இருந்த காத்து மேல வந்ததும் விரியும். கோலோமியாங்காவுக்கு அந்தப் பையே கிடையாது. உடம்புல காத்து அடைச்ச இடம் இல்லன்னா அழுத்தம் அதை ஒண்ணும் பண்ணாது, உள்ளயும் தண்ணி வெளியவும் தண்ணி, ரெண்டும் சமம். #2ல நசுங்கிடும்னு சொன்ன நண்பருக்கும் இதே பதில்தான். அடியில 160 மடங்கு காத்தழுத்தம் இருக்குன்னு கேக்க பயமா இருக்கும், ஆனா நசுங்குறதுக்கு உள்ள காலியா ஏதாவது இருக்கணும்ல.

அப்ப பை இல்லாம எப்படி மிதக்குது? கொழுப்பு. பெரிய கோலோமியாங்காவுல உடம்பு எடைல மூணுல ஒரு பங்குக்கு மேல கொழுப்புதான். எலும்பு மெல்லிசு, செதில் கிடையாது, உடம்பு வெளுத்து ரோஸ் கலர்ல வெளிச்சம் ஊடுருவுற மாதிரி இருக்கும், பக்கத்துத் துடுப்பு ரெண்டும் விசிறி மாதிரி பெருசு. நீந்துறதவிட தொங்கிட்டு இருக்குதுன்னு சொல்றதுதான் பொருத்தம். வெயில்ல உருகுற கதை அந்தக் காலத்துப் பயணிங்க கட்டினது. கரைல ஒதுங்கினது வெயில்ல கிடந்தா எண்ணெய் கசியும், அவ்ளோதான். மீன் மீனாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு, இது முட்டை போடாது. குட்டிதான் போடும், ஒரு தடவைக்கு ரெண்டாயிரம் மூவாயிரம். முட்டை ஒட்டி வைக்க பாறையோ செடியோ இல்லாத நடுத்தண்ணில வாழுற மீனுக்கு இதவிட நல்ல வழி என்ன இருக்கு சொல்லுங்க. இது கூட்டமா திரியாது, தனித்தனியா சிதறி இருக்கும், அதனால வலைல மொத்தமா மாட்டாது, யாரும் தொழிலா பிடிக்கிறது இல்ல. ஆனா மொத்த எடைல பாத்தா பைக்கால்ல இதைவிட அதிகமா வேற மீனே இல்ல. எல்லாரும் பேசுற ஓமுல் மீன் இதுக்குப் பக்கத்துல கூட வராது.

ராத்திரில மேல வரும், பகல்ல நூத்துக்கணக்கான மீட்டர் கீழ போயிடும். அடித்தரைலயும் இது இருக்கிறதைப் பாத்திருக்காங்க.

#11 ஆழிக்குருவி

அடடா. நான் ஒரு ஆம்/இல்லை பதிலுக்காக கேட்டேன், இப்ப வேலைய விட்டுட்டு படிச்சிட்டு இருக்கேன்.

ஆனா இது எல்லாம் என்ன சாப்பிடும்? அடியில வெளிச்சமே இல்லையே.

#12 வெள்ளிச்செதில்

எல்லாமே மேலேர்ந்துதான் வருது. எபிஷுரான்னு ஒரு பூச்சி மாதிரி மிதவை உயிர், ஒண்ணரை மில்லிமீட்டர்தான் இருக்கும். நடுத்தண்ணி மிதவை உயிரினங்களோட எடைல பெரும்பகுதி இது ஒண்ணுதான். பாசி, பாக்டீரியா எல்லாத்தையும் வடிகட்டித் தின்னுட்டே இருக்கும். பைக்கால் தண்ணில ஒரு வெள்ளைத் தட்டை கயித்துல கட்டி இறக்கினா நல்ல நாள்ல 40 மீட்டர் வரைக்கும் கண்ணுக்குத் தெரியும்னு சொல்வாங்க, அந்தத் தெளிவுக்கு இந்தப் பொடிசும் ஒரு காரணம். தண்ணில கரைஞ்ச உப்பும் ரொம்பக் கம்மி, லிட்டருக்கு 100 மில்லிகிராம் பக்கம்தான்.

எபிஷுராவ மக்ரோஹெக்டோபஸ் திங்கும், அது கூனி இறாலுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி ஒரு ஆம்ஃபிபாட். அதை கோலோமியாங்கா திங்கும். கோலோமியாங்காவ நெர்ப்பா திங்கும்.

ஆம்ஃபிபாட்னதும் ஞாபகம் வந்துச்சு, இந்த ஒரு ஏரில மட்டும் 340க்கு மேல வகை இருக்கு. கிட்டத்தட்ட எல்லாமே வேற எங்கயும் கிடையாது. முதுகெல்லாம் முள்ளு வச்சது, கண்ணே இல்லாம வெளுத்துப் போனது, செத்ததை மட்டும் தின்னுறதுன்னு. அடித்தரைல ஒரு மீன் செத்து விழுந்தா இதுங்க மொய்ச்சு சுத்தம் பண்ணிட்டுப் போயிடும்.

#13 நீரோட்டம்

இடைல ஒரு வரி. இந்த ஆம்ஃபிபாட்ல சிலது 7 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும், சாதாரண நன்னீர்ல அதோட சொந்தக்காரங்க ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்தான். 1999ல ஒரு ஆய்வு பல இடத்து ஆம்ஃபிபாட் சைஸ ஒப்பிட்டு, அதிகபட்ச உடம்பளவு தண்ணில இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்தே ஏறுதுன்னு காட்டினாங்க. பைக்கால் ஆளுங்க அந்தக் கோட்டுல கடல்காரங்களையும் தாண்டி மேல நின்னாங்க, குளிர்ந்த நன்னீர் கடல் தண்ணியவிட ஆக்சிஜன் அதிகமா பிடிச்சு வச்சுக்கும்ல. மறுபடி ஆக்சிஜன்தான், நான் ஒரே பாட்டு பாடுறவன்.

#14 குளத்துமீன்

ஓகே ஆக்சிஜன் விஷயத்துல தோத்துட்டேன், ஒத்துக்குறேன். ஆனா நெர்ப்பான்னா சீல் தானே? கடல்லேர்ந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஏரிக்கு சீல் எப்படி வந்துச்சு, நடந்தா வந்துச்சு?

#15 வெள்ளிச்செதில்

நடக்கல, அநேகமா ஆத்து வழியா. ஆர்க்டிக்ல இருக்கிற வளைய சீலுக்கு இது நெருங்கின உறவு. வடக்க ஓடுற ஆறுகள் வழியா ஏறி வந்திருக்கும்ங்கிறது பெரும்பாலானவங்க சொல்றது. எப்படியோ வந்துச்சு, நன்னீர்ல மட்டுமே வாழுற சீல் இனம் உலகத்துல இது ஒண்ணுதான். இப்ப சுமார் 80,000லேர்ந்து ஒரு லட்சம் வரைக்கும் இருக்குன்னு கணக்கு.

கடல்காரன் நன்னீருக்கு வந்து என்ன சாப்பிட்டு இவ்ளோ பெருகினான்னு ரொம்ப நாள் புதிர். கோலோமியாங்காதான் பிரதான சாப்பாடுன்னு தெரியும். 2020ல சீல் உடம்புல கேமரா கட்டி விட்டுப் பாத்தாங்க, ராத்திரில அது நான் சொன்ன மக்ரோஹெக்டோபஸ ஒவ்வொண்ணா கவ்வித் தின்னுட்டு இருந்துச்சு. ஒரு முங்குல சராசரி 57, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல! பல்லு சீப்பு மாதிரி இருக்கும், வாய்க்குள்ள போன தண்ணிய அது வழியா வெளிய விட்டுட்டு பூச்சிய மட்டும் வச்சுக்கும். திமிங்கிலம் மாதிரி ஒரே வாய்ல அள்ளல, ஒவ்வொண்ணா. இந்தப் பொறுமைய நினைச்சா எனக்கு சிரிப்பா வருது.

குளிர்காலத்துல ஐஸுக்கு அடியில வாழணும், அதனால நகத்தால கீறிக் கீறி மூச்சு விடுற ஓட்டைய மூடாம பாத்துக்கும். குட்டி போடுறதும் ஐஸ் மேல பனிக்குள்ள குகை மாதிரி தோண்டித்தான்.

#16 அரைத்தூக்கம்

ஐஸ் இருந்தா வெளிச்சம் உள்ள வராதே, குளிர்காலம் முழுக்க பாசி செத்துடாதா? ஜனவரிலேர்ந்து மே வரைக்கும் ஐஸ்னா அஞ்சு மாசம் பட்டினியா?

#17 நீரோட்டம்

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கேட்டதுக்கு நன்றி.

பட்டினி இல்ல, விருந்து. வருஷத்தோட பெரிய பாசி விளைச்சல்ல ஒண்ணு ஐஸுக்கு அடியில, மார்ச் ஏப்ரல்லதான் நடக்குது. வீடியோல பாத்தீங்கள்ல, ஐஸ் கண்ணாடி மாதிரி. காத்து பனிய அடிச்சுத் தள்ளிடும், ஐஸ் ஒரு மீட்டர் தடிமன் இருந்தாலும் வெளிச்சம் உள்ள போகும். அங்க வளர்றது டயாட்டம், மணல்ல இருக்கிற அதே சிலிக்காவுல ஓடு கட்டிக்கிற பாசி. ஓடு கனம். சும்மா விட்டா முழுகி இருட்டுக்குள்ள போயிடும். அப்புறம் எப்படி மேல நிக்குது?

ஐஸை ஒட்டி இருக்கிற தண்ணி 0 டிகிரி பக்கம். சூரிய வெளிச்சம் ஐஸ் வழியா வந்து அதைக் கொஞ்சம் சூடாக்குது. 0லேர்ந்து 4 வரைக்கும் தண்ணி சூடாகச் சூடாக கனமாகும். சூடான தண்ணி கீழ இறங்கும், அந்த இடத்துக்கு கீழேர்ந்து தண்ணி மேல வரும். உலை கொதிக்கிற மாதிரியே, ஆனா தலைகீழா, மேலேர்ந்து அடுப்பு வச்ச மாதிரி. அந்தச் சுழற்சி டயாட்டத்தை முழுக விடாம தூக்கித் தூக்கிப் போட்டுட்டே இருக்கும். ஐஸ் மேல தடிமனா பனி விழுந்து வெளிச்சம் மறைஞ்ச வருஷம் சுழற்சியும் நின்னுடும், வெளிச்சமும் இல்ல, விளைச்சல் போச்சு.

ஐஸ்ங்கிறது அங்க ஏரிக்குப் போட்ட மூடி இல்ல, கண்ணாடிக்கூரை போட்ட தோட்டம்னு வச்சுக்கோங்க.

#18 பாறைப்பூ

ரொம்ப நாளா சத்தம் போடாம படிக்கிறவ, முதல் தடவையா எழுதுறேன். மண்ணு பாறைதான் என் ஏரியா. யாரும் ஏரி எப்படி வந்துச்சுன்னே பேசலையே.

பைக்கால் ஒரு பிளவுப் பள்ளம். கண்டம் அங்க ரெண்டா விலகிட்டு இருக்கு, வருஷத்துக்கு சில மில்லிமீட்டர். 2.5 கோடி வருஷமா இது நடக்குது. சாதாரண ஏரிங்க சில ஆயிரம் வருஷத்துல வண்டல் நிரம்பி செத்துடும், இதுல வண்டல் விழ விழ தரையும் கீழ போயிட்டே இருக்கு. 1642 மீட்டர்ங்கிறது தண்ணி மட்டும், அதுக்குக் கீழ ஏழு கிலோமீட்டருக்கு வண்டல் படிஞ்சு கிடக்கு. இவ்ளோ வயசு இருக்கிறதாலதான் அந்த 340 வகை ஆம்ஃபிபாட் உருவாக நேரம் கிடைச்சுச்சு.

அப்புறம், "எல்லாமே மேலேர்ந்துதான் வருது"ன்னு #12ல சொன்னது முழுசா சரி இல்ல. 1990ல வடக்குப் பக்கம் ஃப்ரோலிகா விரிகுடாவுல சுமார் 400 மீட்டர் ஆழத்துல வெந்நீர் ஊத்து கண்டுபிடிச்சாங்க. அங்க பாக்டீரியா பாய் விரிச்ச மாதிரி படர்ந்திருக்கு, சுத்தி ஸ்பாஞ்ச்ங்கிற பஞ்சுயிரி, ஆம்ஃபிபாட், மீன். மீத்தேன் தின்னுற பாக்டீரியாவ அடிப்படையா வச்சு ஒரு சின்ன ஊரே ஓடுது, சூரியன் தேவையில்ல. 1997ல துளை போட்டப்ப வண்டலுக்குள்ள மீத்தேன் ஹைட்ரேட்டும் கிடைச்சுச்சு, பாக்க ஐஸ் மாதிரி, உள்ள எரிவாயு சிறைபட்டு இருக்கும். நன்னீர் ஏரில அது கிடைச்சது பெரிய ஆச்சரியம்.

#19 வெள்ளிச்செதில்

திருத்தத்துக்கு நன்றிங்க, அவசரத்துல சொல்லிட்டேன். நீங்க ஏன் இவ்ளோ நாள் எழுதாம இருந்தீங்க?

#20 அரைத்தூக்கம்

நடுவுல ஒரு சம்பந்தமில்லாத தகவல், மன்னிக்கவும். அந்த இருட்டுல நியூட்ரினோ (விண்வெளிலேர்ந்து வர்ற ஒரு நுண்துகள்) தொலைநோக்கி ஒண்ணு தொங்குது தெரியுமா? 2021 மார்ச்ல ஆரம்பிச்சு வச்சாங்க. கண்ணாடி உருண்டைக்குள்ள ஒளி உணர்கருவி, கயித்துல கோத்து 700 மீட்டருக்குக் கீழேர்ந்து 1300 மீட்டர் வரைக்கும் தொங்க விட்டிருக்காங்க. நியூட்ரினோ தண்ணில மோதி உண்டாக்குற துகள் விடுற நீல வெளிச்சத்தைப் பிடிக்கிறதுக்கு. குளிர்காலத்துல ஐஸ் மேல முகாம் போட்டு, ஓட்டை போட்டுத்தான் எல்லாம் இறக்குறது, கப்பலே வேண்டாம். தமாஷ் என்னன்னா பைக்கால் தண்ணிக்கே சொந்தமா ஒரு மங்கலான வெளிச்சம் இருக்கு, இவங்களுக்கு அது இடைஞ்சல்.

#21 குளத்துமீன்

இதெல்லாம் சரி, இப்ப ஏரி எப்படி இருக்கு? கெட்டுப் போச்சுன்னு அடிக்கடி நியூஸ் வருதே.

#22 நீரோட்டம்

நடுஏரியும் கரையும் வேற வேற கதை. நடுவுல தண்ணி இன்னும் நல்லாத்தான் இருக்கு. கரையோரம் 2010க்கு அப்புறம் ஸ்பைரோகைராங்கிற நூல்பாசி, முன்னாடி அங்க இவ்ளோ இல்லாதது, பாய் பாயா வளர்ந்து ஒதுங்குது. கரையோர ஊர்கள்லேர்ந்து சரியா சுத்திகரிக்காத கழிவுநீர் வர்ற இடங்கள்ல மோசம். ஆழமில்லாத தண்ணில ஒரு மீட்டர் உயரம் வரைக்கும் கிளை விட்டு வளர்ற பச்சை ஸ்பாஞ்ச் உண்டு, லூபோமிர்ஸ்கியான்னு பேர், உள்ள பாசி குடியிருக்கிறதாலதான் பச்சை. அதுக்கும் கிட்டத்தட்ட அதே காலத்துலேர்ந்து நோய், பச்சை போய் வெளுத்து, அழுகி விழுது. ஓமுல் மீன் குறைஞ்சு போய் 2017 அக்டோபர்ல தொழில்முறைல பிடிக்கத் தடை போட்டாங்க.

வெப்பம் பத்தி நமக்குத் தெரியுறதுக்குக் காரணம் ஒரு குடும்பம். மிகயில் கோஷோவ்னு இர்குத்ஸ்க் பேராசிரியர் 1945ல ஆரம்பிச்சு, போல்ஷியே கோத்தி கிராமத்துக்கிட்ட ஏரில ஒரே இடத்துல ஏழு பத்து நாளைக்கு ஒரு தடவைன்னு தண்ணி எடுத்து, வெப்பம் பாத்து, மிதவை உயிர் எண்ணினார். அவருக்கு அப்புறம் மகள் ஓல்கா கோஷோவா, அவங்களுக்கு அப்புறம் பேத்தி லியுபோவ் இஸ்மெஸ்தியேவா. சோவியத் யூனியனே கலைஞ்சு போச்சு, இவங்க எண்ணுறதை நிறுத்தல. 2008ல அந்தக் கணக்கெல்லாம் சேர்த்து வெளிவந்தப்ப மேல்தண்ணி 1946லேர்ந்து 1.21 டிகிரி சூடாகியிருக்குன்னு தெரிஞ்சுச்சு. மைனஸ் 20ல ஐஸ் ஓட்டை பக்கத்துல நின்னு எண்ணினதுங்க அது.

#23 ஆழிக்குருவி

கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன். குளிர்தான் காப்பாத்துது, ஏரியோ சூடாகுதுன்னா, ஒரு நாள் பைக்காலும் டாங்கனிக்கா மாதிரி கீழ செத்துடுமா?

#24 நீரோட்டம்

அவ்ளோ சீக்கிரம் இல்ல. சைபீரியாவுல குளிர்காலம்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும், மேல்தண்ணி ஐஸாகுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஐஸ் உருகினதுக்கு அப்புறம் ஒரு தடவை 4 டிகிரிய கடந்துதான் ஆகணும். ஒண்ணு ரெண்டு டிகிரி ஏறினா அந்த நாள் தள்ளிப்போகும், இல்லாம போகாது. அப்ப காத்து அடிக்கணும், அது முக்கியம்.

எனக்கு பயம் அடித்தண்ணி மேல இல்ல, கூரை மேல. ஐஸ் காலம் சுருங்கிட்டு வருது. ஐஸ் லேட்டா பிடிச்சு சீக்கிரம் உடைஞ்சா மார்ச் ஏப்ரல் டயாட்டம் என்ன பண்ணும், அதை நம்பி இருக்கிற எபிஷுரா என்ன பண்ணும், குட்டி இன்னும் பால் குடிக்கிற நேரத்துல குகை இடிஞ்சா நெர்ப்பா என்ன பண்ணும். அடியில ஆக்சிஜன் நிறைய இருந்து, மேலேர்ந்து சாப்பாடு வர்ற வழி மாறிப் போறதுதான் நடக்கக்கூடிய விஷயம்.

#25 ஆழிக்குருவி

புரிஞ்சுது. இப்ப மறுபடி அந்த வீடியோவ போட்டுப் பாத்தேன். நடந்துட்டு இருக்கும்போது திடீர்னு துப்பாக்கி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம், அவர் அப்படியே நின்னுட்டார். நேத்து ஐஸ் உடையப் போகுதுன்னு நினைச்சு நானே பயந்துட்டேன்.

#26 பாறைப்பூ

ராத்திரி குளிர் ஏறும்போது ஐஸ் சுருங்கி விரிசல் விடும், அந்தச் சத்தம்தான். பெரிய விரிசல் பத்து இருபது கிலோமீட்டர் நீளத்துக்குப் போகும். பகல்ல வெயில் பட்டா விரிஞ்சு மறுபடி ஒண்ணோட ஒண்ணு முட்டி மேடு தட்டும். லாரி ஓட்டுறவங்க விரிசலைக் கண்டா பலகை போட்டு தாண்டிப் போவாங்க. அவர் நின்னது தப்பில்ல. ஆனா அந்தச் சத்தம் கேட்டாலே ஐஸ் உடையப் போகுதுன்னு அர்த்தம் இல்ல, வசந்தத்துல இளகிப் போன ஐஸ் மேலதான் கால் வைக்கக் கூடாது.